மெலியும் கயிறும் தடிக்கும் பெருமையும்

குகைக்குள் இறங்குவோரின் கயிறு ஆண்டுக்காண்டு மெலிந்து வருகின்றது. ஒரு காலத்தில் 11 மில்லிமீற்றர் என்பது எழுதாச் சட்டம். பிறகு 10, 9 என்று இறங்கி, இன்று 8 மில்லிமீற்றருக்கும் வாதாட ஆள் இருக்கின்றது. கயிறு மெலிந்தால் கலை வளர்ந்துவிட்டது என்றொரு பெருமிதம். அதை நான் ஏற்பதற்கில்லை.

எடைக் கணக்கை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன். 11 மில்லிமீற்றர்க் கயிறு மீற்றருக்கு ஏறத்தாழ 75 கிராம்; 9 மில்லிமீற்றர் ஐம்பது சொச்சம். ஆயிரம் மீற்றர் கொண்டுபோனால் இருபது கிலோவுக்கு மேல் மிச்சம். அப்காசியாவின் குரூபெரா குகையில் 2004 இல் 2000 மீற்றர் ஆழத்தைத் தாண்டியவர்களிடம் போய்த் தடித்த கயிறே நல்லதென்று உபதேசிக்க எவருக்கும் வாயிராது. பொதி இழுத்துச் சோர்ந்தவன் விடும் பிழையும் உயிர் குடிக்கும்.

ஆனால் மெல்லிய கயிறு தனியே வந்ததன்று. பிரெஞ்சுக்காரர் முதலான ஐரோப்பியர் அதை ஓர் ஒழுங்கோடு கையாண்டனர்: கயிறு பாறையைத் தொடக்கூடாது, தொடும் இடத்தில் ஆணி அடித்து மறுபடி கட்டவேண்டும். மெக்சிக்கோவின் கொலோன்ட்ரினாஸ் போன்ற, முந்நூறு மீற்றருக்கு மேல் அந்தரத்தில் தொங்கவேண்டிய பள்ளங்களில் பழகிய அமெரிக்கரோ உரசலையும் தாங்கும் 11 மில்லிமீற்றர்க் கயிற்றை மேலே கட்டி ஒரே வீச்சில் தொங்கவிட்டனர். இரண்டும் நேர்மையான வழிகள். என் சண்டை மூன்றாவது கூட்டத்தாரோடு: ஐரோப்பியரின் கயிற்றை அமெரிக்கரின் முறையில் தொங்கவிடுவோர்.

8 மில்லிமீற்றர்க் கயிறும் ஒரு மனிதனைத் தாங்கும் என்பார்கள். பொய்யன்று. ஆனால் நல்ல கயிறு ஆளின் எடையால் அறுவதில்லை, பாறை விளிம்பால் அறுகின்றது. மெல்லிய கயிறு கூடுதலாக நீளும். ஏறுபவனின் ஒவ்வோர் எட்டுக்கும் மேலும் கீழும் அசைந்து அதே விளிம்பில் அராவும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே தேய்வது கல்லன்று. இறங்கு கருவியிலும் அது வேகமாக வழுக்கும். ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 1891, கயிறுகளை ஏ, பி என வகுத்து, பலங்குறைந்த பி வகைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்கின்றது. அந்த வரியை வாசிப்போர் எத்தனை பேர்?

மெல்லியதன்மீதே பழியெல்லாம் போடுவோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். 1952 இல் பியர் சென் மார்த்தன் பள்ளத்தில் மார்செல் லூபன் விழுந்து இறந்தார். அவரைத் தூக்கிய மெல்லிய எஃகுக் கம்பி அறவில்லை. அவரைக் கம்பியோடு இணைத்த பிடிதான் விட்டது. "கயிறு அறுந்து பலி" என்று தலைப்பிட எங்கள் தொழிலுக்கு ஒரு நிமிடம் போதும். எதில் உரசியது, யார் கட்டியது, கயிற்றுக்கு எத்தனை வயது என்பவை அச்சேறுவதில்லை.

பயிற்சிக்கு வரும் புதியவர் கையில் 10 மில்லிமீற்றருக்குக் குறைந்த கயிற்றைக் கொடுக்கலாகாது என்பது என் கட்சி. எடையும் காசும் மிச்சம் என்று சங்கங்கள் மறுக்கும். மறுப்போர், அந்தப் பள்ளத்தில் எத்தனை இடங்களில் ஆணி அடித்து மறுபடி கட்டினார்கள் என்ற கணக்கையும் கூடவே காட்டட்டும்.