பிழைத்த மாட்டுக்கு யார் கணக்கு எழுதுவது?

பி.காம் படிக்கிறவனுக்கு மாட்டு நோயில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்பார்கள். பயப்படாதீர்கள், வைத்தியம் பேசப்போவதில்லை. கணக்குதான்.

திருப்பூர் என்றால் எல்லோருக்கும் பனியன் கம்பெனிதான் ஞாபகம் வரும். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் வந்து பாருங்கள். ஒருத்தர் கம்பெனிக்குப் போவார், கட்டுத்தரையில் ரெண்டு மாடு நிற்கும். ஆர்டர் இல்லாத மாசத்தில் மளிகைக் கடைப் பாக்கியை அடைப்பது பால் பணம்தான்.

எங்க அமுச்சி வீட்டு மாட்டுக்கு சில வருஷம் முன்பு தோல் கழலை நோய் வந்தது. உடம்பெல்லாம் கட்டி, காய்ச்சல், கால் வீக்கம். டாக்டர் வந்து ஊசி போட்டார். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து உருண்டையும் கொடுத்தோம். மாடு பிழைத்துக்கொண்டது. ஊரே "தப்பிச்சுது, விடுங்க" என்றது. அமுச்சி மட்டும், "பொழச்சது சரி சாமி, கறக்கலையே" என்றார்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1929-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதலில் பதிவான நோய் இது. ஆட்டு அம்மை வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி மூலம் பரவுகிறது, மனிதர்களுக்குத் தொற்றாது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டி, அடுத்த வருஷமே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் கோரத்தாண்டவம் ஆடியது. அந்த ஒரு வருஷத்தில் நாட்டில் லட்சத்துக்கு மேல் மாடுகள் செத்தன.

நம் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையமும் இஸ்ஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து லம்பி-ப்ரோவாக்இண்ட் என்ற தடுப்பூசியை உருவாக்கி 2022 ஆகஸ்டில் அறிமுகம் செய்தன. அதுவரை ஆட்டு அம்மைத் தடுப்பூசியைத்தான் மாட்டுக்கும் போட்டுச் சமாளித்தார்கள். 2025 பிப்ரவரியில் பயோவெட் நிறுவனத்தின் தடுப்பூசிக்கும் உரிமம் கிடைத்தது. வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த அளவுக்கு ஓடாதது பணத்தைப் பற்றிய ஆராய்ச்சி.

இந்த நோயில் பொதுவாகச் சாவது நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து மாடுகள்தான். பாதிக்கப்பட்டுப் பிழைப்பவை அதைவிடப் பல மடங்கு. ஆனால் செய்தியில் வருவதும் நிவாரணம் வருவதும் செத்த மாட்டுக்குத்தான். 2023-ல் ராஜஸ்தான் அரசு, கறவை மாட்டை இழந்த குடும்பங்களுக்கு 40,000 ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. மாட்டு இன்சூரன்ஸும் முக்கியமாக இறப்புக்குத்தான். பிழைத்த மாடு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 9 லிட்டர் கறந்த மாடு ரெண்டு மாசம் 3 லிட்டர்தான் கறக்கிறது. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 6 × 60 × 35 = 12,600 ரூபாய். தவிடு, புண்ணாக்குச் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. வைத்தியச் செலவு தனி. நோயால் சினை கலைந்தாலோ, பருவத்துக்கு வராமல் போனாலோ அடுத்த ஈத்தே தள்ளிப்போகும். காங்கயம் காளை என்றால், அது வேலை செய்யாத நாள்களையும் சேர்க்க வேண்டும். லோன் போட்டு மாடு வாங்கியவருக்குத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

இதையெல்லாம் எண்ண முடியாது என்று சொல்லாதீர்கள். எத்தியோப்பியாவில் எண்ணியிருக்கிறார்கள். 2011-ல் வந்த ஆய்வு அது. பால் இழப்பு, இறைச்சி இழப்பு, உழவு வேலை இழப்பு, வைத்தியச் செலவு, தடுப்பூசிச் செலவு, சாவு எல்லாம் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு நாட்டு மாட்டுக்கு சுமார் 6 டாலர், கலப்பின மாட்டுக்கு சுமார் 58 டாலர் நஷ்டம் என்று கண்டார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள்! கடன் வாங்கிக் கலப்பின மாடு வாங்கியவருக்குத்தான் அடி பலம்.

நமக்கு அந்தக் கணக்கு இன்னும் சுலபம். ஏனென்றால் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், சத்து எவ்வளவு என்று எழுதுகிறார்கள். நோய் வந்த தேதி கால்நடை மருந்தகத்தில் இருக்கும். ரெண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தால் பிழைத்த மாட்டின் நஷ்டம் தெரிந்துவிடும்.

பால் குறைந்ததற்கு வெயிலும் தீவனமும்கூடக் காரணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே சொசைட்டியில், அதே வாரங்களில், நோய் வராத வீடுகள் ஊற்றிய பாலோடு ஒப்பிட்டால் போதும். வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பால் நோட்டில் வராது, உண்மைதான். ரெண்டு மூணு மாடு உள்ள வீட்டில் எது குறைந்தது என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் இன்று நாம் எழுதியிருக்கும் தொகை பூஜ்யம். பூஜ்யத்தைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த எண் இல்லாதவரை, பிழைத்த மாட்டுக்கும் நிவாரணம் கொடுங்கள் என்று எந்த அதிகாரியிடமும் கேட்க முடியாது. "எவ்வளவு?" என்பார். நம்மிடம் பதில் இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியும் எண் இல்லாமல் பிரீமியம் போடாது.

நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய் அவர்களுக்குத் தெரியும். கணக்கு எழுத நமக்குத் தெரியும் (தெரியும் என்றுதான் மார்க் ஷீட் சொல்கிறது). கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு மறுபடியும் "வாடிக்கையாளர் திருப்தி" என்று தலைப்புக் கொடுக்கப் போகும் நண்பர்களே, நாற்பது பேரிடம் படிவம் நிரப்புவதற்குப் பதிலாக ஒரு சொசைட்டி நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அமுச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மாசம் எத்தனை லிட்டர் குறைந்தது என்று இன்றும் மனப்பாடமாகச் சொல்வார். அதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.