செம்பான இரும்பும் 92 மார்க்கும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செஞ்சிச் சந்தையில் ஆட்டுக்காரர்கள் கூடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு காவி வேட்டிக்காரர் மண்சட்டியில் நீலத் தீர்த்தம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடியானவர் ஒருவரின் கத்தியை வாங்கி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சட்டிக்குள் விட்டு எடுத்தார். நனைந்த பாகம் செக்கச்செவேலென்று இருந்தது. இரும்பு செம்பாகிவிட்டதாம்! ஐநூறு ரூபாய் காணிக்கை வைத்தால் அடுத்த அமாவாசைக்குள் அந்தச் செம்பே பொன்னாகுமாம்! ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு தாயார் அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குப் புகட்டவும் கையேந்தினார். அது மயில் துத்தக் கரைசல். குடித்தால் வாந்தியும் வயிற்றெரிச்சலும் வரும், அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. நாம் குறுக்கே கையை நீட்டித் தடுத்தோம்.

காவி வேட்டிக்காரரைப்பற்றி நமக்கு ஆச்சரியமில்லை. அவருக்கு வயிறு இருக்கிறது, பிழைக்கிறார். நமக்கு ஆச்சரியமெல்லாம் பக்கத்தில் கைகூப்பி நின்ற பையனைப்பற்றித்தான். பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனத்தில் 92 மார்க்காம்!

“தம்பி, இரும்பின் மின்முனை மின்னழுத்தம் எவ்வளவு?” என்றோம்.

“மைனஸ் 0.44 வோல்ட், ஐயா.”

“செம்புக்கு?”

“பிளஸ் 0.34.”

“அப்படியானால் சட்டிக்குள் நடந்தது என்ன?”

பையன் விழித்தான். அவன்மீது குற்றமில்லை. ஸ்லோகம் ஒப்பிப்பதுபோல அட்டவணையை ஒப்பிக்கச் சொன்னார்கள், ஒப்பித்தான். ஒரு ஆணியைத் துத்தத் தண்ணீரில் போட்டுக் காட்ட ஒருவரும் நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் இரும்பு தாராளம். செம்பு அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது. தண்ணீரிலிருந்த செம்பு கத்திமேல் படிகிறது. 56 கிராம் இரும்பு போனால் 63.5 கிராம் செம்பு வரும். ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, இடம் மாறிக்கொண்டது. கத்தியைக் கல்லில் தேய்த்தோம். உள்ளே பழைய இரும்பே இருந்தது. சாமியார் செம்புச் சொம்பையோ இரும்பு வாளியையோ விட்டு மண்சட்டி பிடித்ததும் காரணமாகத்தான். இரும்பு வாளியானால் சாமியாரின் மகிமையெல்லாம் வாளியிலேயே ஒட்டிக்கொள்ளும்! பொன்னின் அழுத்தமோ பிளஸ் 1.50. அந்தச் சட்டியில் ஒரு தங்க மோதிரத்தை ஆயுசு முழுவதும் ஊறப்போட்டாலும் செம்பு படியாது. அருள் ஆளைப் பார்ப்பதுண்டு என்பார்கள்; உலோகத்தையுமா பார்க்கும்?

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே சட்டியில் நடக்கவிடாமல், துத்தநாகத்தை ஒரு பாத்திரத்திலும் செம்பை ஒரு பாத்திரத்திலும் அதனதன் உப்புக் கரைசலில் நிறுத்தி, உப்புப் பாலத்தால் கரைசல்களை இணைத்து, உலோகங்களைக் கம்பியால் சேர்த்தால், எலெக்ட்ரான் கம்பி வழியே ஓடியாக வேண்டும். 1836இல் டேனியல் செய்த கலம் இந்த வழியில் அமைந்ததே; 1.10 வோல்ட் தரும். அதற்கு முன் செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்ட கால்வானி, மின்சாரம் பிராணியின் உடம்பிலிருக்கிறதென்று 1791இல் எழுதினார். வோல்டா மறுத்து, தவளையே இல்லாமல் இரண்டு உலோகத் தகடுகளையும் உப்புநீர்த் துணியையும் அடுக்கி 1800இல் மின்சாரம் எடுத்துக் காட்டினார். கால்வானியின் பெயர் பெரிதென்று யாரும் வாயடைத்துப் போகவில்லை.

நம் நாட்டில் இதற்கு வசதியில்லை என்பவர்கள் காரைக்குடிக்குப் போய்ப் பார்க்கட்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் அங்கே நடக்கிறது. கோயில் கோபுரத்துக்கு வாரிக் கொடுத்த நாட்டில் இப்படியும் ஒருவர் கொடுத்திருக்கிறார்.

வருகிற வெள்ளிக்கிழமை நாமும் சந்தையில் மண்சட்டி வைக்கப்போகிறோம். ஆணியோ கத்தியோ எடுத்து வரலாம். காணிக்கை கிடையாது, தீர்த்தமும் கிடையாது. அந்தப் பையன் துத்தநாகத் தகடும் கம்பியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். ஒரு கலத்துக்குச் சிவப்பு எல்.இ.டி. எரியாது, இரண்டை அடுக்கினால் எரியும் என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான்.