வெயில் எங்களுக்கு, கோடை உங்களுக்கா?

சித்திரை பிறந்தால் போதும், பத்திரிகைகளுக்குக் குதூகலம் பிறந்துவிடுகிறது. கோடையைக் கொண்டாடுவது எப்படி என்று இணைப்புப் போடுகிறார்கள். இளநீர் குடியுங்கள், நுங்கு சாப்பிடுங்கள், பருத்தி ஆடை உடுத்துங்கள், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வாருங்கள். நோயாளிகளுக்கென்று தனிப் பெட்டிச்செய்தி வேறு: ஆஸ்துமாக்காரர்கள் தூசியைத் தவிர்க்கவும், சிறுநீர்க் கோளாறு உள்ளவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்கவும், எல்லோரும் ஓய்வெடுக்கவும்.

இதை எழுதுகிறவருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பருத்தி ஆடை எங்கிருந்துங்க வருது?

திருப்பூரிலிருந்து வருகிறது. வெள்ளைக்காரன் கோடைக்குப் போடுகிற டீ சர்ட்டுதான் இந்த ஊரின் பெரிய சரக்கு. அங்கே வெயில் எட்டிப்பார்ப்பதற்குள் இங்கே பெட்டி கட்டிக் கப்பல் ஏற்றியாகணும். அவன் கடற்கரையில் படுத்துக் காய்வதற்கான துணியை நாங்கள் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு தைக்கிறோம். அவனுக்குக் கோடை ஒரு பருவம். எங்களுக்கு அது ஒன்றரை ஷிப்டு.

தூசியைத் தவிர்க்கச் சொன்னால் நாங்கள் வேலையைத்தான் தவிர்க்கணும். தண்ணீர் குடிக்கச் சொன்னால், குடித்தபின் போய்வர கக்கூசையும் அதற்கான நேரத்தையும் காட்டணும். ஓய்வெடுக்கச் சொன்னால் பீஸ் ரேட்டை யார் தருவது? பெட்டிச்செய்தியில் அதற்கு இடமில்லை. அந்த அறிவுரை எங்களை நினைத்து எழுதப்பட்டதே அல்ல.

*

நோயைப் பற்றியே பேசுவோம். நான் எட்டு வருஷமாக நெஞ்சு இழுப்போடு வாழ்கிறவள். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் நாலு வருஷம் இருந்தேன். மில்லில் எல்லாச் சாதிப் பெண்களும்தான் இருந்தார்கள். ஆனால் பஞ்சு பிரிக்கிற இடத்தில், மிஷினுக்கு அடியில் குனிந்து கூட்டி அள்ளுகிற வேலை மட்டும் எங்கள் வளவுப் பெண்களுக்கென்று யாரும் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. ‘உங்களுக்குக் கூட்டுறது பழக்கந்தானே அம்மிணி’ என்றார் மேஸ்திரி. ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். சாதி எப்போதும் கத்திக்கொண்டே வருவதில்லை.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். தொடக்க காலத்தில் அதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவில் நெஞ்சு லேசாகும். திங்கட்கிழமை வேலைக்குள் நுழைந்த சில மணி நேரத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். வாரக் கடைசியில் கொஞ்சம் தளரும். அடுத்த திங்கள் மறுபடி பிடிக்கும். அதனால்தான் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றார்கள். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் மீளலாம். விலகாமல் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் நுரையீரல் திரும்பாது.

இதன் அர்த்தம் என்ன தோழர்களே? லீவு என்பது சொகுசு அல்ல. இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கும், கடுமையாகாமல் தடுப்பதற்கும் லீவே தேவைப்படுகிறது. ‘ஞாயித்துக்கெழமை எப்படி இருக்கு?’ என்று கேட்டாலே பாதி வைத்தியம் தெரிந்துவிடும். என்னை அப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. ‘வீசிங். தூசியில போகாதே’ என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். எந்தத் தூசி, யாருடைய தூசி என்று சீட்டில் எழுதவில்லை. எழுதினால் அது தொழில் நோய் ஆகிவிடும். முதலாளிக்குப் பொறுப்பு வந்துவிடும். இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பஞ்சுத் தூசி நோய் தொழில் நோயாக அச்சடிக்கப்பட்டுத்தான் இருந்தது. அச்சில் இருக்கும் நோய் எங்கள் சீட்டுக்கு வருவதற்குள் வெறும் ‘வீசிங்’ ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று நூற்பாலைக்குள் ஈரக்காற்றைச் செலுத்துகிறார்கள். அதற்கென்றே தனி மிஷின் உண்டு. ஈரக்காற்றில் வியர்வை காயாது; வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. நூலுக்குத் தாகம் எடுக்கும் என்று தெரிந்தவனுக்கு, நூல் ஓட்டுகிறவளுக்குத் தாகம் எடுக்கும் என்பது தெரியாதா?

தெரியும். சட்டத்துக்கும் தெரிந்திருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது. திருப்பூரிலோ ஆர்டர் ஒரு கம்பெனிக்கு வரும்; தையல் இன்னொரு சின்ன யூனிட்டில், பிசிறு வெட்டுவது லைன் வீட்டுத் திண்ணையில் என்று துண்டு துண்டாகப் பிரியும். முப்பது பேர் யூனிட்டுக்கு அந்தக் குளிர்ந்த நீர் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதுத் தொகுப்புகள் வந்துவிட்டன. குடத்துத் தண்ணீர் அப்படியேதான் கொதிக்கிறது.

அதையும் எங்கள் பெண்கள் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போகணும். எழுந்தால் பீஸ் குறையும். போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அடக்கிவைத்துச் சிறுநீர்க் கடுப்போடு லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வெப்பத்தில் நீர் வற்ற வற்ற உழைக்கும் உடம்பில் சிறுநீரகம் கெடுவதை மத்திய அமெரிக்கக் கரும்புக் காடுகளில் கண்டார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் சிறுநீரகம் தளர்வதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பனியன் கம்பெனிக்குள் அந்த ஆராய்ச்சியை யார் அனுமதிப்பார்?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம். வரவேற்கிறோம். சாகாமல் வருஷம் பூராவும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு என்ன? இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி உண்டு. வருஷத்துக்கு 91 நாள்வரை, கூலியில் 70 விழுக்காடு. ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்கணும், ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கணும். கான்ட்ராக்ட்டில் வந்து கான்ட்ராக்ட்டில் போகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? இத்தனை லட்சம் தொழிலாளர்கள் உள்ள திருப்பூரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் விழுந்ததே 2019 பிப்ரவரியில்தான்.

*

முதலாளிமார் ‘உழைப்பால் உயர்ந்தோம்’ என்பார்கள். காட்டில் பாடுபட்ட கைகள் பனியன் கம்பெனி கட்டின கதையை ஷரத் சாரி 2004இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நல்லது. அந்தக் காட்டில் கவுண்டரோடு சேர்ந்து பாடுபட்ட பண்ணயத்தாளு மாதாரி ஏன் கம்பெனி கட்டவில்லை? அவன் உழைப்பு மட்டும் ஏன் மூலதனமாகாமல் இருமலாக மாறியது? அவனுக்கு நிலம் இல்லை, கடன் கொடுக்கப் பங்காளி இல்லை. உழைப்புக்கும் சாதி உண்டு என்பதைத் திருப்பூரைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் இல்லை.

இந்த உழைப்புப் புராணம்தான் 2023 ஏப்ரல் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதாவாக வந்தது. அதுவும் கத்திரி வெயிலுக்கு இரண்டு வாரம் முன்னால்! தொழிற்சங்கங்கள் எழுந்த பிறகு மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். 1946இல் வேலை நேரத்தை வாரத்துக்கு 54இலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்த தொழிலாளர் துறை உறுப்பினர் பாபாசாகேப் அம்பேத்கர் என்பதை அன்றைக்கு எத்தனை பேர் நினைத்தார்கள்?

*

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். இந்தக் கட்டுரைக்குக் ‘கோடையை அனுபவிக்கும் உரிமை’ என்று பேர் வைக்கலாமா என்று கேட்டபோது, ஒரு தோழர் சிரித்தார். ‘செத்துக்கிட்டிருக்கோம். இதுல அனுபவிக்கிறது என்னங்க? அது நடுத்தர வர்க்க ஆசை’ என்றார்.

அப்படியா? கொங்கு நாட்டில் வெய்யக்காலச் சுகம் என்றால் கிணற்றில் குதித்து நீந்துவதுதான். தோட்டத்துக் கிணற்றில் கவுண்டர் வீட்டுப் பையன்கள் பகல் பூராவும் விழுந்து எழுவார்கள். வளவுப் பிள்ளைகள் எருமையை மேய்த்தபடி மேட்டில் நின்று பார்க்கணும். நானும் பார்த்திருக்கிறேன். வாளித் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், தூக்கி ஊற்றினார்கள், தாகத்தில் சாகவிடவில்லை. தடுத்தது தண்ணீரை அல்ல, சந்தோஷத்தை. குளிர்ந்த நீரில் உடம்பு மிதக்கும் அந்தச் சுகம் எங்கள் உடம்புக்கு ஆகாது என்பதுதான் அந்தக் கிணற்றுக்கட்டின் சட்டம். சாதி எங்கள் உழைப்பைத் தின்றதை எழுதிவிட்டோம். எங்கள் இன்பத்தைத் தின்றதை இன்னும் எழுதவில்லை.

1927 மார்ச் 20ஆம் தேதி மகத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளியபோதும் இதே கேள்வி வந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக நாம் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்று அதே ஆண்டு டிசம்பர் மாநாட்டில் பாபாசாகேப் விளக்கினார். அவரும் நீரிழிவோடும் கால் வலியோடும் கடைசிவரை வாழ்ந்தவர்தான். அந்த மனிதர் நாய் வளர்த்தார், வயலின் கற்றார். நம் சுவரொட்டியில் கோட்டும் புத்தகமும் இருக்கிறது, வயலின் இல்லை.

நோயாளியான தலித் பெண்ணைக் கதையில் சாகடித்துக் கண்ணீர் வாங்குவது நமக்கும் பழகிப்போச்சு. நான் சாகவில்லை. இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு மாரியம்மன் நோம்பிக்குப் போகிறேன். ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்தால் நெஞ்சு லேசாகிறது. ஒரு மடக்கு தெளுவு, ஒரு நுங்கு, வேலையில்லாத ஒரு மத்தியானத் தூக்கம். இவை எனக்கு மருந்துக்கு அடுத்தபடி வேண்டும், மருந்தைப்போலவே வேண்டும். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஆகவே கேட்கிறோம். கத்திரி நாட்களில் உச்சி நேரம் மிஷின் நிற்கட்டும்; நிற்கும் நேரத்துக்குக் கூலி கொடு. முப்பது பேர் யூனிட்டிலும் குளிர்ந்த தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் வை. பஞ்சில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒருமுறை மூச்சுச் சோதனை செய், நோயை அதன் பெயரால் சீட்டில் எழுது. கூட்டி அள்ளும் வேலையை ஒரே வளவின் தலையில் கட்டாதே. கோடையில் சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு கொடு. அந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகள் ஊர்க் கிணற்றில் குதிப்பார்கள். எவன் தடுக்கிறான் என்று பார்ப்போம்.