ஒதுங்கச் சொல்கிறீர்களே, ஒதுங்க இடம் எங்கே?

வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி ஓட்டும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்



சென்ற வாரம் பள்ளி விடும் நேரத்தில் மதகடி வளைவில் நடந்தது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வந்த நெல் லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. முன்னால் சைக்கிளில் போன பதினோராம் வகுப்பு மாணவி ஓரம் ஒதுங்கினாள். தார் விளிம்பிலிருந்து சக்கரம் சறுக்கி, சைக்கிளும் புத்தகப்பையுமாகப் பிள்ளை வாய்க்காலுக்குள் விழுந்தாள். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் குதித்துத் தூக்கியிராவிட்டால், இந்த வேண்டுகோளுக்குப் பதிலாகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் ஒட்டியிருப்போம். முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. லாரி நிற்கவில்லை.

அதைவிட எங்களை நோகடித்தது மறுநாள் டீக்கடைகளில் கேட்ட பேச்சு. "லாரி மோதவே இல்லையே, அதுவாத்தானே விழுந்துச்சு" என்றார்கள். "ஓரமாப் போகவேண்டியதுதானே" என்றார்கள். சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. இதே சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர்கள், அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓரமாகப் போகச் சொல்கிறீர்கள். நம் சாலையின் தார்ப்பரப்பு 3.75 மீட்டர், அதாவது பன்னிரண்டே கால் அடி. நாட்டில் பெரும்பாலான கிராமச் சாலைகள் ஒரு வண்டி போகும் இந்த அகலத்தில்தான் போடப்படுகின்றன. பேருந்தோ லாரியோ 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கலாம் என்கிறது மோட்டார் வாகன விதி. மிச்சம் 1.15 மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பிள்ளை தார் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டினால், அவளுடைய வலக்கைக்கும் லாரியின் பக்கப்பலகைக்கும் நடுவே ஒன்றரை அடிகூடத் தேறாது. அதுவும் லாரியின் வலப்பக்கச் சக்கரம் எதிர் விளிம்பின் கடைசி அங்குலத்தில் ஓடினால்தான். எந்த ஓட்டுநரும் அப்படி ஓட்டுவதில்லை. வயல் பக்கம் சரிந்துவிடும் என்ற பயத்தில் ஓர் அடியாவது உள்ளே தள்ளித்தான் வருவார். அப்படிப் பார்த்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது அரை அடிகூட இல்லை. ஜெர்மனியில் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தினால் 2 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். பிரான்சில் ஒன்றரை மீட்டர். இங்கே ஒரு சாண்கூட விடாமல், மோதவில்லையே என்கிறோம்.

தாரைவிட்டு மண்ணில் இறங்கட்டும் என்பீர்கள். இறங்கிப் பாருங்கள். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டிச் சாலை உயர்ந்துவிட்டது. இருபுறமும் மண் அணைக்கவில்லை. பல இடங்களில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடிப் பள்ளம். லாரி டயருக்கு அது ஒன்றுமே இல்லை. சைக்கிள் சக்கரம் அதில் ஒருமுறை இறங்கிவிட்டால் மறுபடி ஏறும்போது விளிம்பில் உரசி ஆளைச் சாய்க்கும், பெரும்பாலும் சாலையின் பக்கமாகவே. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி ஒப்புக்கு மூடிய பள்ளம் அதற்கடுத்து இருக்கிறது. அதையும் தாண்டினால் ஒரு பக்கம் சீமைக் கருவேல முள், மறுபக்கம் வாய்க்கால். இது ஐப்பசி. தண்ணீர் கரைதொட்டுப் போகிறது, மழையில் ஓரமெல்லாம் உளையாகிவிட்டது. இந்த ஓரத்துக்குத்தான் பதினாறு வயதுப் பிள்ளையைப் போகச் சொல்லி ஹார்ன் அடிக்கிறீர்கள்.

அந்த ஹார்னைப் பற்றித்தான் எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பின்னால் வண்டி வருகிறது என்று தெரிவிக்க ஒருமுறை அடித்தால் போதும். நம் சாலையில் அடிக்கப்படுவது அந்த ஹார்ன் இல்லை. சைக்கிளுக்குப் பத்தடி பின்னால் வந்து, இறங்கும்வரை விடாமல் அழுத்தும் ஏர் ஹார்ன். அந்தச் சத்தம் அவ்வளவு கிட்டத்தில் கேட்டால் பெரியவர்களுக்கே கை நடுங்கும். பிள்ளைகள் பதறித் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பும்போது சைக்கிள் திரும்பிய பக்கமே வளைகிறது. பால் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் போகிறவர், கேரியரில் உரமூட்டை வைத்துப் போகிறவர், வயலுக்குச் சோற்றுத் தூக்கோடு போகும் அக்காமார்கள் எல்லோரும் தினமும் படுகிற பாடு இது. பயத்தில் இறங்கி நின்றுவிடுகிறார்கள். வண்டிக்காரர் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுகிறார். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போகிறார்கள். வண்டி வைத்திருப்பவருக்குச் சாலை சொந்தம், சைக்கிளில் வருபவர் வழிவிட்டு நிற்கவேண்டியவர் என்கிற எண்ணம் நம் ஊர்களில் எப்போது நுழைந்தது? சாலை வரி கட்டுவது வண்டிக்காரர்கள்தான் என்று ஒரு தம்பி எங்களிடம் வாதாடினார். கிராமச் சாலை எல்லோருடைய பணத்திலும் போடப்படுவது. சோப்பு வாங்கும் கிழவி கட்டும் வரியும் அதில் இருக்கிறது.

இத்தனை அவசரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்பதையும் கணக்குப் போட்டோம். மதகடி வளைவிலிருந்து அடுத்த அகலமான இடமான கல்பாலம் வரை சுமார் 200 மீட்டர். பிள்ளைகள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கடக்க 18 விநாடி. ஆக, சைக்கிளுக்குப் பின்னாலேயே பொறுமையாக வந்தால் உங்களுக்கு நட்டம் 42 விநாடி. இந்த 42 விநாடிக்காகத்தான் ஒரு பிள்ளையின் கையில் இப்போது மாவுக்கட்டு.

இது ஏதோ ஒரு வளைவில் ஒரு நாள் நடந்த தவறு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. செத்தவர்கள் 17,884 பேர். நாளுக்கு 49 உயிர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கிராமப்புறங்களில் இறந்தார்கள். சைக்கிளில் போய் இறந்தவர்கள் மட்டும் 4,800-க்கும் அதிகம், நாளுக்குப் பதின்மூன்று பேர். வாய்க்காலில் விழுந்து எழுந்தவர்கள், கை முறிந்தவர்கள், பயந்து பள்ளிக்குப் போவதையே நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஏறத்தாழ 28 டன் எடை வரை இருக்கலாம். பிள்ளையும் சைக்கிளும் பையும் சேர்ந்து 70 கிலோ. நானூறு மடங்கு. வேகம் 40-லிருந்து 60 ஆனால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே இந்தச் சாலையில் யார் யாருக்காக நிதானிக்கவேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

நம் பிள்ளைகள் பொழுதுபோக்குக்காகச் சைக்கிள் ஓட்டவில்லை. காலையில் வரும் ஒரே டவுன் பஸ்ஸை விட்டால் பள்ளிக்கு வேறு வழியில்லை. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்து, இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பிள்ளைகள் சைக்கிள் பெறுகிறார்கள். அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் ஊர் கேலி பேசப் பேச சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டிருக்கக்கூடிய எத்தனையோ பெண்பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்து, நர்சாகவும் ஆசிரியையாகவும் இருப்பது அந்தச் சைக்கிளால்தான். இப்போது அதே சைக்கிளில் அனுப்பப் பயந்து, "இனிமேல் போகவேண்டாம்" என்று இரண்டு வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் பெண்பிள்ளைகள். ஹார்ன் அடித்தவருக்கு இது தெரியவேண்டும்.

சைக்கிளில் போகிறவர்கள் பக்கம் தவறே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று பேர் கைகோத்துக்கொண்டு சாலையை அடைத்துப் போவது, கை காட்டாமல் திரும்புவது, பிரேக் இல்லாத சைக்கிளில் பாலத்துச் சரிவில் விடுவது, இருட்டில் விளக்கில்லாமல் போவது எல்லாம் நடக்கிறது. பெற்றோர்களாகிய நாங்கள் அதைக் கண்டிக்கிறோம். இந்த வாரமே ஒவ்வொரு சைக்கிளிலும் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்துவிட்டோம். வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும் என்று பள்ளியிலும் சொல்லச் சொல்லியிருக்கிறோம். ஆனால் சென்ற வாரம் விழுந்த பிள்ளை தனியாகப் போனாள், ஓரமாகப் போனாள், பகல் வெளிச்சத்தில் போனாள்.

லாரி ஓட்டும் தம்பிகளின் நெருக்கடியும் எங்களுக்குத் தெரியும். நடைக்கு இவ்வளவு என்றுதான் உங்களுக்குக் கூலி. கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்ற அரை நாள் காத்துக்கிடந்துவிட்டு, அந்த நேரத்தைச் சாலையில்தான் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அந்த அவசரத்தை உங்கள் தலையில் ஏற்றியவர்கள் வண்டி முதலாளிகளும் போக்குவரத்து ஒப்பந்ததாரர்களும். அவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அறுவடை முடியும்வரை காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் பாரவண்டிகளைக் கரைச் சாலையில் விடாதீர்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் லாரி நிற்பதால் நெல் முளைத்துவிடாது. 

சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஐந்தரை மீட்டராக்க வாய்க்காலைத் தூர்ப்பதா, வயலை எடுப்பதா? அகலப்படுத்தினாலும் ஓரத்தில் மண் அணைக்காவிட்டால் கூடப்போவது வேகம் மட்டும்தான். இன்றே செய்யக்கூடியது இருக்கிறது. தார் விளிம்போடு மட்டமாகக் கிராவல் அடித்து இறுக்கவேண்டும். முள்ளை வெட்டவேண்டும். மதகடியில் தடுப்புக்கல் நடவேண்டும். கரை நீர்வளத்துறையுடையது, சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது என்று ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்குக் கைகாட்டி எங்களை அலையவிட்டது போதும்.

வண்டி ஓட்டும் ஒவ்வொருவரிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். காரோ, மினி பஸ்ஸோ, டிப்பரோ, புல்லட்டோ, கரைச் சாலையில் சைக்கிளைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். கல்பாலம், களத்துமேடு, கோயில் திடல் என்று அகலமான இடம் வரும்வரை முந்தாதீர்கள். எதிரே வண்டி வரும்போது முந்தவே முந்தாதீர்கள். ஹார்ன் அடித்து யாரையும் தாரைவிட்டு இறக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து இதே சாலையில் பள்ளிக்குப் போனவர்கள்தான். உங்கள் அக்கா தங்கைகள் அரசாங்கச் சைக்கிளில் போய்ப் படித்தவர்கள்தான்.

விபத்து நடந்தால் நிற்காமல் ஓடாதீர்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல்நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. பணத்துக்குப் பயந்து யாரும் தயங்கவேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சைக்கிள்காரருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டம் சொல்கிறது. பதினெட்டு வயது ஆகாத மகனிடம் பைக் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களும் கவனியுங்கள்: 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் உங்களுக்குத்தான்.

பணிவோடு கேட்பது இதுவரை. திங்கட்கிழமை முதல் பள்ளி நேரங்களில் மதகடியிலும் கல்பாலத்திலும் எங்களில் இருவர் இருவராக நிற்போம். சைக்கிளை இறக்கிவிட்டு முந்தும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, படமும் எடுத்து, வாரந்தோறும் காவல்நிலையத்திலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் எழுத்தில் கொடுப்போம். எண் பலகையில் சேறு பூசிக்கொண்டு வரும் வண்டியைத் தனியாகக் குறிப்போம். உள்ளூர்க்காரர், சொந்தக்காரர் என்று யாருக்கும் சலுகை கிடையாது.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் பாரவண்டி நேரக் கட்டுப்பாட்டுக்கும் ஓர மண் அணைப்புக்கும் தீர்மானம் கொண்டுவருகிறோம். "மற்றவை" என்று கடைசியில் தள்ளிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சைக்கிளோடு வருகிறோம். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகமாட்டோம். அதன் பிறகும் லாரிகள் பள்ளி நேரத்தில் வந்தால், கல்பாலத்தில் மறித்து உட்காருவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

இப்படிக்கு,
வாய்க்கால் கரைச் சாலையில் சைக்கிளில் செல்வோரும் அவர்கள் வீட்டாரும்