கல்லறையும் பொய் சொல்லும்!

பிரான்சு நாட்டிலே, மியூசு ஆற்றங்கரையிலே, வ்ரீஞ் என்றோர் சிற்றூர். அங்கே ஒகுஸ்தன் திரெபுஷோன் என்ற படைவீரனின் கல்லறை. 1918 நவம்பர் 10இல் மாண்டான் என்கிறது கல். பொய்! அவன் மாண்டது 11ஆம் நாள். போர் ஓயச் சில நிமிடங்களே இருந்தபோது! ஆடு மேய்த்துப் பிழைத்தவன். நான்காண்டுப் போரிலும் பிழைத்தவன். பகல் உணவுக்கு எங்கே கூடுவது என்ற செய்தியைச் சுமந்து ஓடினான்; குண்டு பாய்ந்தது. வெற்றித் திருநாளில் ஒருவன் வீணே மடிந்தான் என்று எழுதக் கூச்சம்! அதனாலன்றி வேறெதனால் நாளை மாற்றிப் பொறித்தனர்?

அன்று விடியற்காலை 5 மணி கடந்ததும், கொம்பியேன் காட்டில், ஓர் இரயில் பெட்டியில் போர்நிறுத்தம் ஒப்பமாயிற்று. ஓயவேண்டிய நேரமோ 11 மணி! பேச்சு நடக்கும்போதேனும் சண்டையை நிறுத்துங்கள் என்று ஜெர்மன் தூதர் 8ஆம் நாளே கேட்டனர்; தளபதி ஃபோஷ் மறுத்துவிட்டார். அந்தக் கடைசி நாளில் இருதரப்பிலும் இறந்தோர் 2,700 பேருக்கு மேல். காயமுற்றோர், காணாமற் போனோரையும் கூட்டினால் ஏறத்தாழ 11,000 என்கின்றனர் கணக்கிட்டோர்.

"செய்தி போர்முனைக்கு எட்ட நேரம் வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும்தான். ஆனால் ஸ்டெனே நகரின் கதை என்ன? போர் நிற்கப்போகிறது என்று அறிந்தே அமெரிக்கத் தளபதி ரைட் அந்த ஊரைத் தாக்கினார். காரணம்? அங்கே குளியல் வசதி உண்டாம். களைத்த வீரர்கள் அழுக்குப் போகக் குளிக்கலாமாம்! குளிக்கவேண்டியவர்களில் ஏறத்தாழ 300 பேர் குருதியில் குளித்தனர். சில மணி நேரம் பொறுத்திருந்தால் தடுப்பாரின்றி நடந்தே நுழைந்திருக்கலாம். பின்னர் அமெரிக்க மக்கள் மன்றம் இதை விசாரித்தது. தண்டனை பெற்ற தளபதி எவருமில்லை!

தோற்ற பக்கத்துத் தளபதிகளோ இவர்களையும் விஞ்சினர்.

ஆகஸ்ட் 8இல் அமியேனில் தொடங்கிய தாக்குதலால் ஜெர்மன் படை நிலைகுலைந்தது. அந்நாளைத் தம் படையின் கருநாள் என்றவர் வேறு எவருமல்லர், தளபதி லூடன்டார்ஃபே! செப்டம்பர் 29இல், சான் கான்தேன் கால்வாயருகே, அசைக்கவொண்ணாதது எனப் புகழ்ந்த இண்டன்பர்க் அரண் உடைபட்டது. அன்றே பல்கேரியா பணிந்தது. அன்றே லூடன்டார்ஃபும் இண்டன்பர்க்கும் கெய்சரிடம் சென்று, போர்நிறுத்தம் கேட்டாகவேண்டும் என்றனர். கேட்டவர்கள் தளபதிகள், தோழர்களே! கையெழுத்திட அனுப்பப்பட்டவரோ எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி!

வீரர்களின் இடுப்புப் பட்டையில் "கடவுள் எங்களோடு" என்று பொறித்தனுப்பிய கெய்சர், நவம்பர் 10இல் ஆலந்துக்கு ஓடினார். 1941 வரை அங்கே வாழ்ந்தார். லூடன்டார்ஃப் மாறுவேடத்தில் சுவீடனுக்குத் தப்பினார். பட்டை கட்டியவன் மட்டும் சேற்றிலே கிடந்தான்.

ஓராண்டு கழிந்தது. 1919 நவம்பரில், நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் இண்டன்பர்க் வந்து நின்றார். படை தோற்கவில்லையாம், முதுகிலே குத்தப்பட்டதாம்! குத்தியவர் யாராம்? போர் வேண்டாமென்ற தொழிலாளி, சாவுப் பயணத்துக்குக் கப்பலேற மறுத்த மாலுமி, ஒப்பமிட்ட அரசியல்வாதி, எப்பாவமும் அறியாத யூதர்! பச்சைப் பொய்யென்று அவருக்குத் தெரியாதா? செப்டம்பர் 29இல் கெய்சர்முன் நின்றவர் அவரன்றோ! நாடோ நம்பிற்று. பசித்த வயிற்றுக்கும் புண்பட்ட மானத்துக்கும் அந்தப் பொய் மருந்தாக இனித்தது.

1921இல் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொய்யுரைத்தவரோ 1925இல் குடியரசுத் தலைவரானார்! 1933 ஜனவரி 30இல் இட்லரை அழைத்து ஆட்சிப்பீடத்தில் அமர்த்திய கை, அந்த இண்டன்பர்க்கின் கையே.

கொம்பியேன் இரயில் பெட்டியை பிரெஞ்சுக்காரர் காட்சிப்பொருளாக்கி வைத்திருந்தனர். 1940 ஜூனில் இட்லரின் ஆட்கள் சுவரை இடித்து அதை வெளியே இழுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தினர். 22ஆம் நாள், அதே பெட்டியில், இம்முறை பிரான்சு கையெழுத்திட்டது.