மலாக்காவின் சூரியனுக்கு மலாக்காவிலேயே கணக்கு

ஆலய வழிபாட்டில் காலம் என்பது கடிகார முள் காட்டும் வெறும் எண்ணன்று. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகற்பொழுதே அதன் அடிப்படை. பஞ்சாங்கங்கள் அதனை ‘அகசு’ என்பர். அவ்வாறிருக்க, தமிழகத்து நாட்காட்டியில் அச்சான நேரங்களை மலாக்காவில் அப்படியே கைக்கொள்வது முறையாகுமா?

பகலின் நீளத்தைக் கணிக்கும் வழியைச் சூரிய சித்தாந்தம் ‘சரம்’ என்னும் கணக்கால் உரைக்கிறது. இன்றைய திரிகோணமிதியில் அது எளிது. ஊரின் அட்சரேகை, சூரியனின் கிராந்தி ஆகிய இரண்டின் டேன்ஜென்ட் மதிப்புகளையும் பெருக்கினால் சரத்தின் சைன் கிடைக்கும். சரம் ஒரு பாகையானால் பன்னிரண்டு மணிப் பகல் 8 நிமிடம் கூடும் அல்லது குறையும். சென்னையின் அட்சரேகை 13 பாகை. அங்கே இவ்வேறுபாடு 46 நிமிடம் வரை செல்லும். மலாக்காவோ 2.2 பாகையில் உள்ளது. இங்கு 8 நிமிடத்தைத் தாண்டாது.

ஆயினும் கடிகாரம் வேறு கதை சொல்கிறது. 1982 சனவரி முதல் நாள் தொட்டுத் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. மலாக்கா இருப்பதோ 102 பாகையையடுத்து. ஆதலின் இங்கு உச்சிப்பொழுது சராசரியாக 1 மணி 11 நிமிடத்திற்கே வருகிறது. தை பிறக்கும் வேளையில் உதயம் 7.20 அளவில் நிகழ்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. செவ்வாய்க்கிழமை ராகு காலம் பகலின் எட்டுக் கூறுகளில் ஏழாவது. ஆறு மணி உதயத்தைக் கொண்டு அதனை 3 முதல் 4.30 வரை என்பர். தை மாதத்து மலாக்காவில் அது 4.20 முதல் 5.50 வரையாகும். மூன்று மணிக்குத் துர்க்கையம்மனுக்கு எலுமிச்சை விளக்கேற்றும் தாய்மார், தாம் நாடிய காலம் வருமுன்னரே இல்லம் திரும்பிவிடுகின்றனர்.

திதியும் அவ்வாறே. மலாக்காவில் சூரியன் சென்னைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னரே உதிக்கிறது. இவ்விரு உதயங்களுக்கிடையே திதி மாறினால், உதயத் திதியைக் கொண்டு கொள்ளும் விரத நாளே மாறிவிடும்.

முன்னோர் வழக்கத்தை மாற்றலாமோ எனச் சிலர் ஐயுறலாம். மாற்றமன்று இது. பன்னிரண்டு அங்குலச் சங்கை நட்டு, விஷுவ நாளின் நண்பகல் நிழலை அளந்து, அவரவர் ஊருக்கே கணிக்க வேண்டும் என்பதே முன்னோர் நெறி. அந்நிழல் சென்னையில் 2.8 அங்குலம், மலாக்காவில் அரை அங்குலமும் இல்லை.

1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் தொட்டுத் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் வரை, திருவிழா அழைப்பிதழ்களில் உள்ளூர் உதய அஸ்தமனங்களை அச்சிடுதல் நலம். பால்மரக் காட்டில் விடியலறிந்து உழைத்த சமுதாயத்திற்குத் தன் மண்ணின் சூரியனைக் கணக்கிட்டு வணங்குவது அரிதன்று.