தங்கப் பந்து யாருக்கு? கோல் போட்டவருக்கா, கோலைத் தடுத்தவருக்கா?



போன இதழில் கிரிக்கெட்டைப் பற்றி மூணு பேர் எழுதிட்டாங்க. அதனால நான் கால்பந்தைப் பற்றி எழுதுகிறேன். படிக்காம போயிடாதீங்க, இதிலும் சண்டை இருக்கு!

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் மிகச் சிறந்த வீரருக்கு ஒரு விருது தருகிறார்கள். அதற்குப் பெயர் தங்கப் பந்து. 1982-ல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில் இருந்து இதைக் கொடுத்து வருகிறார்கள். முன்பு செய்தியாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இதன் வழக்கமாக இருந்தது. இந்த விருது உண்மையில் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நிறைய கோல் போட்டவருக்கா? அழகாக விளையாடியவருக்கா? கோப்பை வாங்கிய டீமில் இருப்பவருக்கா? இல்லை, கோல் விழாமல் காத்தவருக்கா?

சும்மா பொதுவாகப் பேசினால் வாதம் நிற்காது. அதனால் ஒரே ஒரு உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். நாம் எல்லாரும் பிறப்பதற்கு முன்னால், 2006-ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பை. இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

இரண்டு கேப்டன்கள்

பைனல் 2006 ஜூலை 9 அன்று பெர்லின் நகரில் நடந்தது. ஒரு பக்கம் பிரான்ஸ், கேப்டன் ஜினடின் ஜிதான். இன்னொரு பக்கம் இத்தாலி, கேப்டன் ஃபேபியோ கன்னவாரோ. ஜிதான் நடுக்கள ஆட்டக்காரர், அப்போது வயது 34. இதுதான் என் கடைசிப் போட்டித் தொடர் என்று முன்னாடியே சொல்லிவிட்டு வந்தவர். கன்னவாரோ தடுப்பு ஆட்டக்காரர், நாம பேக் என்று சொல்வோமே, அது. சுமார் 175 செ.மீ. உயரம்தான். அந்த இடத்தில் விளையாடுகிறவர்களுக்கு இது ரொம்பக் குறைவு. அந்த பைனல் அவர் நாட்டுக்காக விளையாடிய 100-வது மேட்ச்.

7-வது நிமிஷத்தில் ஜிதான் பெனால்டியில் கோல் போட்டார். 19-வது நிமிஷத்தில் இத்தாலியின் மாட்டராசி தலையால் முட்டி கோல் போட்டுச் சமன் செய்தார். அதுக்கப்புறம் 90 நிமிஷம் முடிந்தும் 1-1. கூடுதல் நேரம் ஆரம்பித்தது. 110-வது நிமிஷத்தில் ஜிதான் திரும்பி வந்து மாட்டராசியின் மார்பில் தலையால் முட்டினார். ரெட் கார்டு! வெளியே போய்விட்டார். பிறகு பெனால்டியில் இத்தாலி 5-3 என்று ஜெயித்தது.

இப்போ கேளுங்க. தங்கப் பந்து யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஜிதானுக்கு! அவருக்கு 2012 புள்ளிகள், கன்னவாரோவுக்கு 1977 புள்ளிகள், மூன்றாவது வந்த இத்தாலியின் பிர்லோவுக்கு 715. வெறும் 35 புள்ளி வித்தியாசம். செய்தியாளர்களில் பல பேர் ஆட்டம் முடிவதற்கு முன்னாடியே ஓட்டைப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் இதில் வேதனை. பரீட்சை முடியறதுக்குள்ள பேப்பரைத் திருத்தி மார்க் போட்ட மாதிரி!

ஜிதான் பக்கம் பேசுபவர்கள் சொல்வது

ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. ஜிதானுக்காகப் பேசுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

முதல் இரண்டு மேட்சில் பிரான்ஸ் ஜெயிக்கவே இல்லை. சுவிட்சர்லாந்துடன் 0-0, தென் கொரியாவுடன் 1-1. அப்படித் தடுமாறின டீம், அடுத்த சுற்றில் ஸ்பெயினை 3-1 என்று ஜெயித்தது. கடைசி கோல் ஜிதானுடையது. கால் இறுதியில் பிரேசில். ரொனால்டோ, ரொனால்டினோ, காகா எல்லாரும் இருந்த பெரிய டீம். ஜிதான் அடித்த ஃப்ரீ கிக்கில்தான் ஹென்றி கோல் போட்டார், 1-0. அரை இறுதியில் போர்ச்சுகல், ஜிதானின் பெனால்டி, அதுவும் 1-0. இந்த மூன்று மேட்சிலும் அவர் இல்லாவிட்டால் பிரான்ஸ் பைனலுக்கு வந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். தங்கப் பந்து என்பது ஆட்டத் திறமைக்குத்தான், நல்லொழுக்கத்துக்கு இல்லை. அதுவும் இல்லாமல், மாட்டராசி அவருடைய அக்காவைப் பற்றித் தப்பாகப் பேசியதால்தான் கோபம் வந்தது. பின்னாடி பீஃபா விசாரித்து இரண்டு பேருக்குமே தண்டனை கொடுத்தது. அப்படிப் பேசினது தப்பு, அதை நான் சரி என்று சொல்லவே மாட்டேன்.

என் பதில்

ஒருத்தர் டீமுக்கு எவ்வளவு மதிப்புள்ளவர் என்று பார்க்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

முதல் கேள்வி: அவர் இல்லாவிட்டால் டீம் என்ன ஆகும்?

ஜிதான் இரண்டு மேட்சில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியதால் மூன்றாவது மேட்சில் விளையாட முடியவில்லை. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய அந்த மேட்சில், அவர் இல்லாமலே பிரான்ஸ் டோகோவை 2-0 என்று ஜெயித்தது. "டோகோ சின்ன டீம்தானே, பிரேசிலும் டோகோவும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெரிய டீம்களோடு மோதும்போது ஜிதான் இல்லாமல் முடியாது. இந்தக் கேள்வியில் ஜிதானுக்கும் நல்ல மார்க்தான்.

ஆனா கன்னவாரோவைப் பாருங்க. அவருடன் நடுவில் சேர்ந்து நின்ற நெஸ்டா மூன்றாவது மேட்சில் காயம் பட்டு வெளியே போனார், திரும்ப வரவே இல்லை. அவர் இடத்துக்கு மாட்டராசி வந்தார். அவரும் ஆஸ்திரேலியா மேட்சில் ரெட் கார்டு வாங்கினார். அடுத்த மேட்சில் உக்ரைனோடு பார்சாலி வந்தார். அப்புறம் திரும்ப மாட்டராசி. பக்கத்தில் நிற்கிற ஆள் மாறிக்கொண்டே இருந்தார். நடுவில் நின்ற கன்னவாரோ மட்டும் மாறவில்லை. ஒரு சுவரில் ஒவ்வொரு செங்கல்லாக உருவி மாற்றினாலும் சுவர் விழவில்லை என்றால், மூலையில் நிற்கிற கல் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்!

இரண்டாவது கேள்வி: முழு நேரமும் டீமோடு இருந்தாரா?

இத்தாலி 7 மேட்ச் விளையாடியது. ஐந்து மேட்ச் 90 நிமிஷம், இரண்டு மேட்ச் 120 நிமிஷம். கூட்டினால் 690 நிமிஷம். கன்னவாரோ விளையாடியதும் 690 நிமிஷம். ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. தடுப்பு ஆட்டக்காரர் வேலையே எதிராளி காலில் இருந்து பந்தைப் பிடுங்குவதுதான். கொஞ்சம் நேரம் தப்பினால் ஃபவுல், மஞ்சள் அட்டை. அப்படி இருந்தும் 690 நிமிஷத்தில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை. ஜிதானுக்கு ஒரு மேட்ச் தடை, பைனலின் கடைசி 10 நிமிஷமும் இல்லை, பெனால்டி அடிக்கவும் ஆள் இல்லை.

அந்த 7 மேட்சில் இத்தாலிக்கு விழுந்த கோல் எத்தனை? இரண்டே இரண்டு. ஒன்று, அமெரிக்காவோடு நடந்த மேட்சில் இத்தாலி வீரர் ஒருவரே தவறுதலாகத் தன் வலைக்குள் அடித்தது. இன்னொன்று பைனலில் ஜிதான் போட்ட பெனால்டி. அப்படியென்றால் எதிரணிக்காரர் பந்தோடு ஓடி வந்து தடுப்பைத் தாண்டிப் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை! "அது கோல்கீப்பர் பஃபனின் பெருமைதானே?" என்று சிலர் கேட்கலாம். பஃபனும் காரணம்தான். பைனலில் ஜிதான் தலையால் முட்டியதைப் பறந்து தட்டிவிட்டார். அவருக்குச் சிறந்த கோல்கீப்பர் விருது கொடுத்தார்கள், சரியானதுதான். ஆனால் கோல்கீப்பர் கைக்கு வேலை குறைவாக வந்ததற்குக் காரணம் முன்னால் நின்றவர்கள் இல்லையா?

மூன்றாவது கேள்வி: ரொம்பக் கஷ்டமான நேரத்தில் என்ன செய்தார்?

ஜூலை 4, டார்ட்மண்ட் நகரம், அரை இறுதி. ஜெர்மனி சொந்த ஊரில் விளையாடுகிறது. 118 நிமிஷம் வரை 0-0. 119-வது நிமிஷத்தில் குரோசோ கோல் போட்டார், இத்தாலி 1-0. ஜெர்மனி எல்லாரையும் முன்னால் அனுப்பிப் பந்தை உள்ளே தூக்கி அடித்தது. கன்னவாரோ எகிறித் தலையால் வெளியே தள்ளினார். பந்து விழுந்த இடத்துக்கு அவரே ஓடிப் போய் எதிராளியை முந்தி மறுபடி எடுத்தார். இரண்டு மணி நேரம் ஓடின கால்! அங்கிருந்து பந்து டோட்டிக்குப் போய், கிலார்டினோவுக்குப் போய், டெல் பியரோ கோல் அடித்தார். 2-0. மறுநாள் பேப்பரில் கோல் போட்டவர் பட்டியலில் டெல் பியரோ பெயர்தான் இருக்கும். ஆரம்பித்து வைத்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது.

அதே கஷ்டமான நேரத்தில், பைனலின் கடைசிக் கட்டத்தில், ஜிதான் டீமை 10 பேராக விட்டுவிட்டுப் போனார். கேப்டனுக்குக் கோபம் வரலாம். ஆனா அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தது மீதிப் பத்துப் பேர். டீமுக்கு மதிப்புள்ளவர் யார் என்று கேட்கும்போது இதைக் கணக்கில் சேர்க்காமல் எப்படி விட முடியும்?

ஆகவே என் ஓட்டு கன்னவாரோவுக்கே!

ஏன் இப்படி நடக்கிறது?

1982 முதல் 2022 வரை 11 உலகக் கோப்பைகளில் தங்கப் பந்து வாங்கியவர்களில் ஒரு தடுப்பு ஆட்டக்காரர்கூட இல்லை. பெண்கள் உலகக் கோப்பையிலும் 1991 முதல் 2023 வரை 9 முறை நடந்ததில் ஒரு தடுப்பு வீராங்கனைகூட வாங்கவில்லை. 2002-ல் ஜெர்மனி கோல்கீப்பர் ஒலிவர் கானுக்குக் கொடுத்தார்கள். அதிலும் பைனலுக்கு முன்னாடியே ஓட்டு முடிந்துவிட்டது. பைனலில் அவர் கையிலிருந்து பந்து நழுவியது, பிரேசிலின் ரொனால்டோ இரண்டு கோல் போட்டார், அந்தத் தொடரில் மொத்தம் 8 கோல். அப்போதும் அவசர ஓட்டுதான்.

ஐரோப்பாவில் கொடுக்கிற பலோன் தோர் விருதையும் பாருங்கள். 1956-ல் இருந்து கொடுக்கிறார்கள். 2025 வரைக்கும் கோல்கீப்பர் ஒருவர்தான் வாங்கியிருக்கிறார், 1963-ல் சோவியத் யூனியனின் லெவ் யாஷின். தடுப்பு ஆட்டக்காரர்கள் பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ என்று மூன்றே பேர். ஆமாம், 2006-ல் கன்னவாரோவுக்குத்தான் அது கிடைத்தது. அதே வருஷம் தேசிய அணிகளின் பயிற்சியாளர்களும் கேப்டன்களும் ஓட்டுப் போட்ட பீஃபாவின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அவசரப்படாமல் யோசித்தவர்களும், களத்தில் நிற்பவர்களும் சரியாகச் சொல்லிவிட்டார்கள் பார்த்தீர்களா?

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். கோல் போட்டால் போர்டில் நம்பர் ஏறும். தடுத்தால் ஒன்றும் ஏறாது, 0 அப்படியே 0-வாகவே இருக்கும். நடந்ததை எண்ணலாம், நடக்காமல் போனதை யார் எண்ணுவது? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, அது மாதிரி. நம்ம கபடி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பாடி வருபவரைப் பிடித்தாலும் பாயிண்ட் உண்டு. புரோ கபடியில் சிறந்த ரைடர், சிறந்த தடுப்பாளர் என்று தனித்தனியாகவே விருது தருகிறார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் அதிக கோலுக்குத் தங்கக் காலணி, கோல்கீப்பருக்குத் தங்கக் கையுறை, இளம் வீரருக்கு ஒன்று. தடுப்பு ஆட்டக்காரருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

என் யோசனைகள்

1. கடைசி விசில் ஊதிய பிறகுதான் ஓட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

2. சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்குத் தனி விருது வேண்டும்.

3. ஓட்டுப் போடுபவர்களில் பாதிப் பேராவது விளையாடியவர்களாக இருக்க வேண்டும். எதிரே நின்று பந்தை இழந்தவருக்குத்தான் தடுத்தவரின் அருமை தெரியும்.

நம் பள்ளி விளையாட்டு விழாவிலும் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை உண்டு. அதற்குப் பெயர் எழுதும்போது பி.இ.டி. ஆசிரியரும் மாணவர் தலைவர்களும் கோல் கணக்கை மட்டும் பார்க்காமல் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பின்னால் நிற்பது யாருக்கும் பிடிக்காத இடம். "நீ பேக்கு நில்லு" என்றாலே முகம் வாடிப்போகுது. அங்கே நிற்பவருக்கும் ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தால், அடுத்த வருஷம் அந்த இடத்துக்கும் போட்டி வரும்!

ஜிதான் கட்சிக்காரர்கள் கோபப்பட வேண்டாம், முட்டவும் வேண்டாம்! பதில் இருந்தால் ஒரு தாளில் எழுதி, தமிழாசிரியரிடம் கொடுங்கள். அடுத்த இதழில் என் கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி